ஒரு சாவிக்கு ஒரே கையெழுத்து: க்யூ.ஆர்.எல். வாலட் எப்படி இருக்கிறது?

குவாண்டம் கணினி வந்தாலும் அசையாது என்ற உறுதியோடு 2018 ஜூன் மாதம் புழக்கத்துக்கு வந்த நாணயம் க்யூ.ஆர்.எல். ‘குவாண்டம் ரெசிஸ்டன்ட் லெட்ஜர்’ என்பதன் சுருக்கம். பீட்டர் வாட்டர்லாண்ட் 2016-இல் எழுதிய வெள்ளை அறிக்கைதான் இதற்கு வித்து. பிட்காயினைப் போலவே இதற்கும் மையப் பேரேடு கிடையாது. உலகெங்கும் ஓடும் கணினிகள் ஒரே பேரேட்டின் படிகளை வைத்துக்கொண்டு ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. வேறுபாடெல்லாம் கையொப்பத்தில்தான் இருக்கிறது. இந்த நாணயத்தின் வாலட்டை, அதாவது பணத்தை வைத்து அனுப்பும் செயலியை, என் மடிக்கணினியில் நிறுவி, சிறு தொகையை உள்ளே போட்டு, அனுப்பி, பெற்று, இன்னொரு கணினியில் மீட்டும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பு விஷயத்தில் இது சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பின் பாரத்தில் ஒரு பங்கைப் பயனாளரின் தோளில் ஏற்றிவிடுகிறது. கணக்கு வழக்கில் ஒழுங்கு உள்ளவர்களுக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன். பிட்காயின் வைத்திருப்பவர்களோ, வாங்காவிட்டாலும், ஒருமுறை இதைத் திறந்து பார்க்க வேண்டும். தங்கள் நாணயம் நாளை எந்தப் பாதையில் போயாக வேண்டும் என்பதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது.

நான் ஒரு வங்கியின் காசோலைத் தீர்வுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். வாடிக்கையாளரின் மாதிரிக் கையெழுத்தையும் காசோலையில் உள்ள கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. ஒரு போலிக் கையெழுத்து ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று நேரில் கண்டிருக்கிறேன். மின்னணு நாணயங்களில் சரிபார்க்க மனிதர் இல்லை, கணிதம் மட்டுமே இருக்கிறது. அந்தக் கணிதம் தளர்ந்தால் முறையிட ஒரு கவுன்டர்கூடக் கிடையாது. அதனால்தான் இதில் எனக்கு இவ்வளவு அக்கறை.

ஆபத்து என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிட்காயினில் ஒவ்வொருவரிடமும் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. கையெழுத்திட உதவுவது அது. அதிலிருந்து, கையெழுத்தை மற்றவர்கள் சரிபார்க்க, ஒரு பொதுச் சாவி பிறக்கிறது. பொதுச் சாவியிலிருந்து ரகசியச் சாவியைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்க இன்றைய கணினிகளால் ஆகாது. கணிதவியலாளர் பீட்டர் ஷோர் 1994-இல் தந்த வழிமுறையோ, போதிய அளவு பெரிய குவாண்டம் கணினி கையில் இருந்தால் அதைச் செய்துவிடும். அப்படிப்பட்ட இயந்திரம் இன்று எங்கும் இல்லை. கூகுள் 2024 டிசம்பரில் அறிவித்த வில்லோ சிப்பில் இருப்பது 105 கியூபிட்டுகள், அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகள். ஆனால் தேவைப்படும் அளவு பற்றிய கணக்கு இறங்கிக்கொண்டே வருகிறது. இணையத்தில் பரவலாக உள்ள ஆர்.எஸ்.ஏ. என்ற பூட்டு முறையின் 2048 பிட் சாவியை உடைக்க 2 கோடி கியூபிட்டுகள் வேண்டும் என்று கிரேக் கிட்னியும் மார்ட்டின் எக்கெராவும் 2019-இல் கணித்தார்கள். அதே கிட்னி 2025 மே மாதம், 10 லட்சத்துக்கும் குறைவானவை போதும், ஒரு வாரத்துக்குள் முடியும் என்று காட்டினார். பிட்காயின் பயன்படுத்தும் நீள்வளைவுக் கையொப்பத்தை உடைப்பதற்கு ஆர்.எஸ்.ஏ.வைவிடச் சிறிய குவாண்டம் கணினியே போதும் என்பது இத்துறையினர் நீண்ட காலமாக அறிந்த செய்தி.

இனி வாலட்டுக்கு வருவோம்.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் செயலி இருக்கிறது. உலாவியிலேயே திறக்கும் வடிவமும் உண்டு. நான் நிறுவும் செயலியைத்தான் தேர்ந்தெடுத்தேன். புதிய கணக்கு தொடங்கும்போது கடவுச்சொல்லுக்கு அடுத்ததாக, வழக்கமான வாலட்டுகள் கேட்காத ஒன்றைக் கேட்கிறது: மரத்தின் உயரம் எவ்வளவு? 8, 10, 12 என்று 18 வரை போகிறது. ஒன்றும் தொடாமல் விட்டால் 10. இதன் பொருள் தெரியாமல் அடுத்த பொத்தானை அழுத்தக் கூடாது. ஏனென்றால் இந்தக் கணக்கிலிருந்து வாழ்நாள் முழுவதும் எத்தனை முறை பணம் அனுப்பலாம் என்பதை நீங்கள் அந்த இடத்தில்தான் நிர்ணயிக்கிறீர்கள். உயரம் 8 என்றால் 256 முறை. 10 என்றால் 1,024. 12 என்றால் 4,096.

காசோலைப் புத்தகம்தான் இதற்குச் சரியான ஒப்புமை. ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண். ஒரு தாளை ஒருமுறைதான் கிழிக்கலாம். தாள்கள் தீர்ந்தால் வேறு புத்தகம் வாங்க வேண்டும். இந்த வாலட்டில் கணக்கு திறந்த அன்றே அத்தனை தாள்களும் அச்சாகி, ஒரே மரமாகக் கட்டப்பட்டு, மரத்தின் உச்சி உங்கள் முகவரிக்குள் பொதிந்துவிடுகிறது. உயரத்தைக் கூட்டக் கூட்டக் கணக்கு தொடங்கும் நேரமும் நீள்கிறது. தாள்கள் எல்லாவற்றையும் அந்த நொடியே கணித்தாக வேண்டும் அல்லவா? உயரம் 10-க்குக் காத்திருப்பு பெரிதாகத் தெரியவில்லை. அதற்கு மேலே ஒவ்வொரு படியிலும் வேலை நான்கு மடங்கு ஏறுகிறது.

முகவரி க்யூ என்ற எழுத்தில் தொடங்கி 79 எழுத்துகளுக்கு நீள்கிறது. கையால் எழுதி ஒப்பிடும் பழக்கம் உள்ளவர்கள் இதில் களைத்துப்போவார்கள். மீட்புச் சொற்கள் 34. பிட்காயின் வாலட்டுகளில் 12 அல்லது 24 சொற்களை எழுதிப் பழகியவர்களுக்கு இது நீளம்தான். அங்கே 2,048 சொற்கள் கொண்ட பட்டியல்; இங்கே 4,096. என் தம்பி மகன் உரக்கப் படிக்க, நான் ஒரு தாளில் எழுதி, பிறகு நான் படிக்க அவன் திரையில் சரிபார்த்தான். அலுவலகத்தில் இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திடும் வழக்கம் இதற்கும் நன்றாகவே பொருந்துகிறது.

பணம் அனுப்பும் திரையில் பெறுபவர் முகவரி, தொகை, கட்டணம் ஆகியவற்றோடு இன்னொரு பெட்டி இருக்கிறது: ஓ.டி.எஸ். கீ இன்டெக்ஸ். அடுத்து எந்தத் தாளைக் கிழிக்கிறோம் என்பதன் எண் அது. வாலட்டே பிணையத்தைக் கேட்டு, பயன்படுத்தாத அடுத்த எண்ணை நிரப்பித் தருகிறது. ஆனால் பெட்டி திறந்தே இருக்கிறது. விரும்பினால் கையால் மாற்றலாம். நிமிடத்துக்கு ஒரு பிளாக் (பேரேட்டில் ஏறும் பரிமாற்றங்களின் ஒரு தொகுதி) என்ற கணக்கில் ஓடும் பிணையம் என்பதால் அனுப்பிய தொகை விரைவிலேயே உறுதியாகிவிட்டது. பிட்காயினில் அதற்குச் சராசரியாக 10 நிமிடம் ஆகும்.

அந்த எண்ணை ஏன் கண்ணுக்கு முன்னால் வைக்கிறார்கள் என்பதை விளக்கியே ஆக வேண்டும். இந்த வாலட்டின் நல்லதும் கெட்டதும் அங்கேதான் இருக்கின்றன.

இதில் உள்ள கையொப்ப முறையின் பெயர் எக்ஸ்.எம்.எஸ்.எஸ். அனுப்ப வேண்டிய செய்தியை ஹாஷ் செய்து, அதாவது பின்னோக்கித் திருப்ப முடியாத நிலையான நீள எண்ணாகச் சுருக்கி, அதைப் பதினாறின் அடிமானத்தில் 64 இலக்கங்களாகப் பிரிக்கிறது. சரிபார்ப்புக்காக மேலும் 3 இலக்கங்கள். ஆக 67 இலக்கங்கள், 67 சங்கிலிகள். ஒவ்வொரு சங்கிலியும் ஒரு ரகசிய எண்ணில் தொடங்கி, ஹாஷ் மேல் ஹாஷாக 15 படிகள் போகிறது. இலக்கம் 9 என்றால் ஒன்பதாம் படியில் உள்ள மதிப்பை வெளியிட வேண்டும். சரிபார்ப்பவர் அங்கிருந்து மீதியுள்ள 6 படிகளை ஏறி உச்சியை அடைகிறார். உச்சி பொருந்தினால் கையெழுத்து உண்மை. படிகளில் மேலே ஏறுவது யாருக்கும் எளிது. கீழே இறங்க யாராலும் முடியாது. கையொப்பத்தின் பாதுகாப்பு முழுவதும் இந்த ஒரே உண்மையின் மேல் நிற்கிறது.

இப்போது அதே தாளில் இரண்டாவது செய்தி ஒன்றுக்குக் கையெழுத்திட்டால் என்ன ஆகும்? முதல் செய்தியில் ஒரு சங்கிலியின் ஒன்பதாம் படி வெளியே வந்திருந்தது. இரண்டாவது செய்தி அதே சங்கிலியின் மூன்றாம் படியைக் கேட்கிறது என்று வையுங்கள். இப்போது மூன்றுக்கு மேலுள்ள எல்லாப் படிகளும் ஊருக்கே தெரிந்துவிட்டன. சரிபார்ப்பு இலக்கங்கள் கட்டிக் காத்த சமநிலை குலைந்துவிடுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் இரண்டு கையொப்பங்களின் துண்டுகளையும் சேர்த்து, நீங்கள் ஒருபோதும் எழுதாத மூன்றாவது செய்திக்கு உங்கள் கையெழுத்தைத் தயாரிக்க முயலலாம். இதற்குக் குவாண்டம் கணினி தேவையில்லை. சாதாரணக் கணினியே போதும். ஒரே தாளை இருமுறை பயன்படுத்துவது இந்த வாலட்டில் மன்னிப்பில்லாத குற்றம்.

க்யூ.ஆர்.எல். பிணையம் இதை அறிந்தே கட்டப்பட்டிருக்கிறது. பேரேட்டில் ஏற்கெனவே பதிவான எண்ணோடு வரும் பரிமாற்றத்தைக் கணினிகள் மறுத்துவிடும். ஆனால் பேரேட்டில் ஏறாமல் நடுவழியில் நிற்கும் கையொப்பத்தைப் பற்றிப் பிணையத்தால் உறுதி சொல்ல முடியாது. கையொப்பம் ஒருமுறை உங்கள் கணினியை விட்டு வெளியேறினால் வெளியேறியதுதான். ஒரே 34 சொற்களை மடிக்கணினியிலும் கைபேசியிலும் போட்டுவைத்து, இரண்டிலிருந்தும் அடுத்தடுத்து அனுப்புகிறவர் இரண்டு இடத்திலும் ஒரே தாளைக் கிழிக்கக்கூடும். நான் இன்னொரு கணினியில் மீட்டுப் பார்த்தபோது, முதல் கணினியிலிருந்து அனுப்பியது பேரேட்டில் ஏறி உறுதியான பிறகுதான் இரண்டாவதைத் திறந்தேன். பிறகு முதல் கணினியில் இருந்த கோப்பை அழித்துவிட்டேன். அனுப்பிய ஒவ்வொன்றின் எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன். பயன்படுத்துகிற எவரும் இதைச் செய்ய வேண்டும்.

அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2020 அக்டோபரில் இந்தக் கையொப்ப முறைக்கு ஒப்புதல் தந்தபோது என்ன நிபந்தனை போட்டது என்று தெரிந்தால் என் கவலை புரியும். ரகசியச் சாவி ஒரு வன்பொருள் பெட்டிக்குள்ளேயே பிறந்து, அங்கேயே இருந்து, ஒருபோதும் வெளியே நகலெடுக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்றது. பொதுப் பயன்பாட்டுக்கு இந்த முறை ஏற்றதல்ல என்றும் சேர்த்தே சொன்னது. க்யூ.ஆர்.எல். வாலட்டோ 34 சொற்களை எழுதிக்கொடுத்து, எங்கே வேண்டுமானாலும் நகலெடுத்துக்கொள்ளலாம் என்கிறது. நகல் இல்லாவிட்டால் கணினி கெட்டுப்போன அன்று பணமும் போய்விடும். நகல் இருந்தால் தாள் எண் குழம்பும் ஆபத்து. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. லெட்ஜர் நானோ என்ற வன்பொருள் கருவியோடு இணைக்கும் வசதியும் உண்டு. அதில் சாவி கருவியை விட்டு வெளியே வருவதில்லை. பெரிய தொகை வைக்க நினைப்பவர்களுக்கு அந்த வழிதான் முறையானது. ஆனால் அதில் மர உயரம் 8 மட்டுமே.

இத்தனைக்கும் பிறகும் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். காரணம் இருக்கிறது. குவாண்டம் கணினிக்கு எதிரானவை என்று முன்வைக்கப்பட்ட புதிய கணித முறைகள் எல்லாம் நிலைக்கவில்லை. ரெயின்போ என்ற கையொப்ப முறை நிஸ்ட் போட்டியின் இறுதிச் சுற்று வரை வந்தது. 2022-இல் வார்ட் பியூலன்ஸ் அதை ஒரு வார இறுதியில், ஒரு மடிக்கணினியில் உடைக்கலாம் என்று காட்டினார். அதே ஆண்டு, சைக் என்ற சாவிப் பரிமாற்ற முறையை வூட்டர் காஸ்ட்ரிக்கும் தோமஸ் டெக்ரூவும் கணினிச் செயலகத்தின் ஒற்றைக் கோரில் சுமார் ஒரு மணி நேரத்தில் வீழ்த்தினார்கள். இரண்டுமே பல ஆண்டுகள் வல்லுநர்களின் பார்வையில் இருந்தவை. எக்ஸ்.எம்.எஸ்.எஸ். முறையோ ஹாஷ் ஒன்றை மட்டுமே நம்புகிறது. அதன் வேர் லெஸ்லி லாம்போர்ட், ரால்ஃப் மெர்க்கல் ஆகியோர் 1970-களில் செய்த வேலையில் இருக்கிறது. ஹாஷ் உடைந்தால் பிட்காயினின் சுரங்கம் (கணினி உழைப்பால் புதிய நாணயம் எடுக்கும் முறை) உட்பட எல்லாமே சரியும். புதிதாக எதையும் நம்பச் சொல்லாத முறை என்பதுதான் இதன் பெரும்பலம். 2018-இல், நிஸ்ட் தன் தரங்களை வெளியிடுவதற்கு 6 ஆண்டுகள் முன்பே, இந்த முடிவை எடுத்தது துணிவும் நிதானமும் சேர்ந்த செயல்.

விலை இல்லாமல் இல்லை. உயரம் 10 உள்ள மரத்தில் ஒரு கையொப்பம் 2,500 பைட். 67 சங்கிலிகளுக்கு 2,144, மரத்தின் கிளை வழிக்கு 320, மீதி தாள் எண்ணும், ‘உப்பு’ எனப்படும் கலப்பு எண்ணும். பிட்காயின் இன்று பயன்படுத்தும் ஷ்னார் என்ற கையொப்ப வகை 64 பைட்தான். க்யூ.ஆர்.எல். பிணையத்தில் நெரிசல் குறைவு என்பதால் இந்தப் பருமன் இன்று வலிக்கவில்லை. பிட்காயின் அளவுக்குக் கூட்டம் வந்தால் வலிக்கும்.

இதைத்தான் பிட்காயின்காரர்கள் கவனிக்க வேண்டும். நிஸ்ட் 2024 ஆகஸ்டில் தரமாக்கிய, குவாண்டம் கணினிக்கு எதிரான எம்.எல்.டி.எஸ்.ஏ. முறையின் மிகச் சிறிய வடிவத்தில்கூடக் கையொப்பம் 2,420 பைட். அதே நாளில் தரமான எஸ்.எல்.எச்.டி.எஸ்.ஏ. முறைக்குத் தாள் எண்ணும் வேண்டாம், நோட்டும் வேண்டாம். நடைமுறையில் எத்தனை முறை வேண்டுமானாலும் கையெழுத்திடலாம். ஆனால் அதன் சிறிய வடிவமே 7,856 பைட். ஃபால்கன் என்ற இன்னொரு முறை 666 பைட்டில் முடிகிறது. ஆனால் அதைப் பிழையின்றி நிரலாக எழுதுவது கடினம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு பிளாக்கில் அடங்கும் பரிமாற்றங்கள் குறையும், கட்டணம் ஏறும். அதோடு, இருக்கும் நாணயங்கள் எல்லாம் புதிய முகவரிக்கு இடம்பெயர வேண்டும். அந்தப் பெயர்ச்சிக்கு மட்டுமே, பிணையம் வேறு எந்த வேலையும் செய்யாமல் இருந்தால்கூட, 76 நாள் பிடிக்கும் என்று இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் கணக்கிட்டார்கள். க்யூ.ஆர்.எல். முதல் நாளிலிருந்தே இப்படிப் பிறந்ததால் அதற்குப் பெயர்ச்சி என்ற தலைவலியே கிடையாது. இந்த வாலட்டைத் திறந்து பார்க்கும்போது எனக்குப் பெரிதாகத் தெரிந்த நன்மை இதுதான்.

என் தம்பி மகனிடம் கொஞ்சம் பிட்காயின் இருக்கிறது. 34 சொற்களைச் சரிபார்த்த அன்று அவன் கேட்டான்: “அத்தை, என்னுடையதை விற்றுவிடட்டுமா?”

“விற்பதும் வைப்பதும் உன் விருப்பம்ப்பா. முதலில் உன் முகவரிகள் எந்த எழுத்தில் தொடங்குகின்றன என்று பார்” என்றேன்.

பார்த்தோம். ஒன்று பிசி1பி என்று தொடங்கியது. 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த டாப்ரூட் முகவரி அது. அதில் பொதுச் சாவியே முகவரிக்குள் இருக்கிறது. ஷோரின் வழிமுறைக்கு வேண்டிய தகவல் பேரேட்டிலேயே திறந்து கிடக்கிறது. இன்னொன்று 1 என்ற எண்ணில் தொடங்கும் பழைய முகவரி. அதில் பொதுச் சாவியின் ஹாஷ் மட்டுமே வெளியே தெரியும், சாவி மறைந்திருக்கும். ஆனால் அந்த முகவரியிலிருந்து அவன் முன்பே ஒருமுறை பணம் அனுப்பியிருந்தான். அனுப்பும்போது சாவி வெளிப்பட்டுவிடுகிறது. அதற்குப் பிறகும் அதே முகவரியில் தொகை வந்து சேர்ந்துகொண்டிருந்தது. மூன்றாவது பிசி1க்யூ என்று தொடங்கும், இதுவரை எதுவும் அனுப்பாத முகவரி. மூன்றில் அது ஒன்றுதான் மறைவில் இருக்கிறது.

“அப்படியென்றால் எல்லாவற்றையும் மூன்றாவதற்கு மாற்றிவிடலாமா, அத்தை?”

“அதே மாதிரி புதிதாக ஒன்று உருவாக்கி அதற்கு மாற்று. அதிலிருந்து ஒருமுறை எடுத்துவிட்டால் மீதியை அங்கே விட்டுவைக்காதே.”

இதே வேலையை ஒரு நாடே செய்திருக்கிறது. எல் சால்வடோர் அரசு தன் பிட்காயின் கையிருப்பை முன்பு ஒரே முகவரியில் வைத்திருந்தது. 2025 ஆகஸ்டில், குவாண்டம் ஆபத்தைக் காரணமாகச் சொல்லி, அதை 14 முகவரிகளாகப் பிரித்தது. ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 500 பிட்காயின். முழுப் பாதுகாப்பு இல்லை. ஆனால் ஒரு சாவி போனால் எல்லாம் போகாது.

பிட்காயினுக்குள்ளேயே வேலை தொடங்கியிருக்கிறது. ஹண்டர் பீஸ்ட் முன்னெடுத்த 360-ஆம் எண் முன்மொழிவு, டாப்ரூட்டில் சாவி வெளியே தெரியும் வழியை அடைத்துவிட்டு மரத்தின் உச்சியை மட்டும் பேரேட்டில் வைக்கும் புதிய முகவரி வகையைக் கொண்டுவரப் பார்க்கிறது. அது வந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு பிட்காயின் நிரலாளர் ஜேம்சன் லோப்பும் சிலரும் 2025 ஜூலையில் ஒரு திட்டம் வைத்தார்கள். முதல் கட்டத்தில், 3 ஆண்டுகளுக்குப் பிறகு பழைய முகவரிகளுக்குப் பணம் அனுப்ப முடியாது. அதற்கு 2 ஆண்டு கழித்து, பழைய கையொப்பங்கள் செல்லாது. அதாவது இடம்பெயராத நாணயம் உறைந்துபோகும். மூன்றாம் கட்டமாக, மீட்புச் சொற்கள் தன்னிடம் இருப்பதை நிரூபிப்பவருக்கு உறைந்ததைத் திருப்பித் தரும் வழி பற்றி ஆராயலாம் என்கிறார்கள்.

இது பலருக்குக் கோபத்தை உண்டாக்கியிருக்கிறது. அடுத்தவர் பணத்தை முடக்க நீ யார் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. என் துறையில் இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. இந்தியாவில் 10 ஆண்டுகள் யாரும் தொடாத வைப்புத்தொகையை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றிவிடுகின்றன. 2014 முதல் இதுதான் நடைமுறை. ஆனால் உரியவரோ வாரிசோ எப்போது ஆவணத்தோடு வந்தாலும் தொகை அவருடையதுதான். உரிமை சாவதில்லை. 2023-இல் உத்கம் என்ற இணையதளத்தையே தேடுவதற்காகத் திறந்தார்கள். எனவே திருடன் கையில் போவதற்கு முன் பூட்டிவைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. திரும்பப் பெறும் கதவு இருக்கிறதா என்பதைத்தான் பார்ப்பேன். லோப் திட்டத்தில் என் வருத்தம் அங்கேதான். இன்று வழக்கிலுள்ள மீட்புச் சொற்களின் பொது முறையே 2013-இல்தான் வந்தது. 2009-இலும் 2010-இலும் வெட்டியெடுத்த நாணயங்களுக்கு அப்படிச் சொற்களே இல்லை. அவற்றின் பொதுச் சாவிகளோ பேரேட்டில் அப்படியே திறந்து கிடக்கின்றன. பிட்காயினை உருவாக்கிய சடோஷி நாகமோட்டோவுடையவை என்று ஆய்வாளர்கள் கருதும் சுமார் 10 லட்சம் பிட்காயினும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. முதலில் நம்பி வந்தவர்களுக்கு மீட்பு வழி இல்லாத திட்டத்தை நிறைவான திட்டம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. அவர்களுக்கும் ஒரு வழி கண்டுபிடிக்க இன்னும் காலம் இருக்கிறது. நிஸ்ட் 2024 நவம்பரில் வெளியிட்ட வரைவு, நீள்வளைவுக் கையொப்பங்களை 2035-க்குப் பிறகு அனுமதிப்பதில்லை என்று சொல்கிறது. அந்த ஆண்டை மனதில் வைத்துப் பின்னோக்கி எண்ணினால், 5 ஆண்டு இடைவெளி கேட்கும் ஒரு திட்டத்துக்குத் தயங்கி நிற்க அதிக இடமில்லை.

மறுபடியும் க்யூ.ஆர்.எல். பக்கம் வருகிறேன். குறைகளைச் சொல்ல வேண்டும்.

பிணையம் சிறியது. பிட்காயினின் பேரேட்டைக் காக்கும் கணினி வலிமையின் பக்கத்தில்கூட இது வராது. கையொப்பம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், பேரேட்டைக் காக்கும் கூட்டம் சிறிதாக இருந்தால் அது தனி ஆபத்து. ரூபாய் கொடுத்து நேராக வாங்க எனக்கு வழி கிடைக்கவில்லை. வேறொரு நாணயத்தை வாங்கி மாற்றினேன். இந்தியாவில் 2022 முதல் மின்னணு நாணய லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு நாணயத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதும் வரிக் கணக்கில் விற்பனைதான். போதாக்குறைக்கு 1 சதவீதம் மூலத்தில் பிடித்தம். இதையெல்லாம் எழுதிவைக்காமல் இறங்குகிறவர்கள் மார்ச் மாதத்தில் தவிப்பார்கள்.

உதவிப் பக்கங்கள் நன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் தாள் எண் மீண்டும் வரக் கூடாது என்ற எச்சரிக்கை, கணக்கு தொடங்கும் திரையிலேயே, மர உயரத்துக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் இருந்திருக்க வேண்டும். எண்ணைக் கையால் மாற்றும் பெட்டியைச் சாதாரணப் பயனாளருக்குத் திறந்துவைத்ததும் சரியில்லை. மேம்பட்ட அமைப்புகளுக்குள் தள்ளிப் பூட்டிவைக்கலாம்.

தாள்கள் தீரும் நிலை வந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்பார்கள். மீதியைப் புதிய மரம் உள்ள முகவரிக்கு அனுப்பிவிட்டு அதைப் பயன்படுத்தலாம். அதைச் செய்யவும் ஒரு தாள் வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. துணை மரம் ஒன்றைப் பதிவு செய்து, முதல் மரத்தின் சார்பில் அது கையெழுத்திட அனுமதிக்கும் ஏற்பாடும் இருக்கிறது. தனிநபருக்கு அது தேவைப்படாது. நாள்தோறும் நூற்றுக்கணக்கில் அனுப்பும் பரிமாற்ற நிலையங்களுக்கு வேண்டியது.

தாள் எண்ணின் சுமையை உருவாக்கியவர்களே உணர்ந்திருக்கிறார்கள். ஸாண்ட் என்ற பெயரில் அடுத்த தலைமுறைப் பிணையத்தை உருவாக்கும் வேலையில் இறங்கினார்கள். எத்தீரியம் என்ற இன்னொரு நாணயப் பிணையத்துக்கான நிரல்கள் அதில் ஓடும். சுரங்கத்துக்குப் பதில், நாணயத்தைப் பிணையாக வைத்துப் பேரேட்டைக் காக்கும் பங்குவைப்பு முறை. ஒரே சாவியால் பலமுறை கையெழுத்திடும் புதிய முறைகள் அதில் இடம்பெறுகின்றன. பங்குவைப்பவர் ஓயாமல் கையெழுத்திட வேண்டியிருப்பதால் 1,024 தாள் புத்தகம் அங்கே எடுபடாது. அந்த மாற்றம் எனக்கு ஏற்புடையதே. ஆனால் ஹாஷ் ஒன்றை மட்டுமே நம்பும் கணக்கு வகையையும் விரும்புவோருக்காக வைத்திருந்தால் நல்லது.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். செயலியை அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். மர உயரம் 10 போதும். மாதம் எட்டு முறை அனுப்பினாலும் 1,024 தாள் பத்து ஆண்டுக்கு மேல் வரும். ஒரே கருவியில் மட்டும் திறந்துவையுங்கள். 34 சொற்களைத் தாளில் எழுதி, இன்னொருவரை வைத்துச் சரிபார்த்து, கடைசியாகப் பயன்படுத்திய எண்ணையும் அதே உறையில் வைத்து, ஒவ்வொரு முறை அனுப்பிய பிறகும் அந்த எண்ணைத் திருத்துங்கள். அனுப்பியது பேரேட்டில் ஏறாமல் நின்றால் அதே எண்ணில் தொகையையோ முகவரியையோ மாற்றி மறுபடி அனுப்பாதீர்கள். அந்த எண்ணை அடித்துவிட்டு அடுத்ததைப் பயன்படுத்துங்கள்.